ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு?

ஜவ்வாது மலையின் கிராம சுகாதார செவிலியர் போடும் ஒரு கணக்கு, பசிபிக் தீவு நாடு ஒன்றின் மலையூரிலிருந்து கிளம்பி வந்தது

கார்த்திகை தீபத் திருவிழாவின் தேரோட்டத்தன்று திருவண்ணாமலை மாடவீதிகளில் கரும்புத் தொட்டில்களைப் பார்க்கலாம். பிள்ளை வரம் வேண்டிக்கொண்டு, வரம் கிடைத்ததும் நேர்த்திக்கடன் செலுத்த வந்த குடும்பங்கள். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, புடவையை அதில் தொட்டிலாக்கி, குழந்தையைக் கிடத்தி, முன்னும் பின்னும் ஆள் பிடித்துக்கொண்டு வீதியைச் சுற்றி வருவார்கள். அவ்வளவு கூட்டத்திலும் மேளச் சத்தத்திலும் குழந்தை பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கும். பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது ஊர்க் கதை. மகன் முறையில் மகாராஜாவுக்குத் திதி கொடுக்க, மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு சாமி இன்றும் புறப்பட்டுப் போகிறார்.

இதே ஊரில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு வெளியே வேறொரு கூட்டம் எப்போதும் உட்கார்ந்திருக்கும். பிளாஸ்க்கும் துண்டும் கட்டைப்பையுமாகப் பாட்டிகள், சித்திகள், என்ன செய்வதென்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் இளம் தகப்பன்கள். “கொழந்தைய கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க” என்று ஊருக்குத் தகவல் போகும். எடை குறைந்து பிறந்தது, மாதம் முடியுமுன் பிறந்தது, பிறந்ததும் அழாதது, மஞ்சள் காமாலை கண்டது, பால் குடிக்க மறுத்தது எல்லாம் இங்கேதான் வந்து சேர்கின்றன. செங்கம், போளூர், தண்டராம்பட்டு, ஜமுனாமரத்தூர் என்று நாலா பக்கமிருந்தும் வரும்.

உள்ளே இருக்கும் கருவிகளில் பல, பார்க்க மிகச் சாதாரணமானவை. மூச்சுத் திணறும் சிசுவின் மூக்கில் ஒரு சிறு குழாய். அதன் இன்னொரு கிளை தண்ணீர் நிரப்பிய பாட்டிலுக்குள் இறங்கியிருக்கும். தண்ணீருக்குள் குழாய் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், குழந்தையின் நுரையீரலுக்கு அந்த அளவு அழுத்தம் கிடைக்கும். பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். அது நின்றுவிட்டால், வார்டின் மறுகோடியில் நிற்கும் நர்ஸ்கூடத் திரும்பிப் பார்ப்பார். பக்கத்து அறையில், தொப்பியும் காலுறையும் மட்டும் போட்ட குழந்தையை அம்மாவின் வெற்று மார்போடு சேர்த்துத் துணியால் கட்டி வைத்திருப்பார்கள். கங்காரு முறை. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் ஒரு பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டிய நெருக்கடியில், எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர் தொடங்கி வைத்தது. பிறந்த கையோடு இதை ஆரம்பித்தால், எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2021-ல் சொன்னது.

காசில்லாத இடத்தில் மாட்டிக்கொண்ட ஒரு டாக்டர் கண்டுபிடித்தது இது. குழந்தை மருத்துவத்தில் இப்படிப்பட்டவை கொஞ்சநஞ்சமல்ல. 1971-ல் வங்கதேச அகதிகள் பங்கான் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தபோது, குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோன நிலையில் உப்பையும் சர்க்கரையையும் கலந்து டிரம்மில் ஊற்றிக் குடிக்க வைத்த திலீப் மகலனபிஸும் குழந்தை மருத்துவர்தான். முகாமில் 30 சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று அங்கன்வாடியில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்த டிரம்மின் வாரிசு.

ஆனால் இந்த வார்டு வரை வந்து சேர்ந்த குழந்தை பாதிக் கிணறு தாண்டிய குழந்தை. 2014 நவம்பரில் பக்கத்து மாவட்டமான தருமபுரியின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட சிசுக்கள் இறந்தபோது, தமிழ்நாடே அந்த வார்டைத்தான் உற்றுப் பார்த்தது. அந்தக் குழந்தைகளில் பலவற்றின் கதை வார்டுக்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிட்டது: ஒன்றரைக் கிலோவைத் தொடாத எடை, ரத்தசோகையோடு கர்ப்பம் சுமந்த தாய், வேறிடத்தில் பிறந்து தாமதமாக வந்து சேர்ந்த பயணம். கடைசியாகக் கைபிடித்தவரை மட்டும் கேள்வி கேட்பது நமக்கு எப்போதும் சுலபமாக இருக்கிறது.

கடல் இல்லாத தீவு

போளூரிலிருந்து மலையேறினால் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர் ஒன்றியத் தலைநகரம். கோவிலூர், நம்மியம்பட்டு, வீரப்பனூர், அத்திப்பட்டு என்று ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள். இங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள். சாமை விதைக்கிறார்கள்; பலா, புளி, தேன் கீழே போகின்றன. இதே மலைத்தொடரின் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து நட்சத்திரங்களைப் பார்க்கிறார்கள். அந்த ஆய்வுக்கூடத்துக்கு எப்போதோ தார்ச்சாலை போய்விட்டது. மலையின் பல குக்கிராமங்களுக்கு இன்னும் போகவில்லை.

தீவுக்குப் படகு எப்படியோ, இங்கே சாலை அப்படி. மழை பெய்தால் இல்லை, இரவில் இல்லை, வண்டி பழுதானால் இல்லை. கிலோமீட்டர் கணக்கு இங்கே யாருக்கும் உதவாது; எத்தனை மணி நேரம், எத்தனை பேர் சுமக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. டோலி கட்டித் தூக்கிவந்து, தார்ச்சாலையைத் தொட்டபின்தான் 108 வரும்; அதைக் கூப்பிட போனில் சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடி ஏறுவதும் உண்டு. 2023 மே மாதம் வேலூர் மாவட்டப் பக்கத்து அல்லேரி மலையில், வீட்டு வாசலில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போனது. பிரேதப் பரிசோதனை முடித்துத் திரும்பிய ஆம்புலன்ஸ், சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட, பெற்ற தாய் குழந்தையின் உடலைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நடந்தார். அந்தப் படம் நாடு முழுக்கப் போனபிறகுதான் சாலைக்கான கோப்பு நகர்ந்தது. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. குழந்தைக்கும் மருந்துக்கும் நடுவில் மலை நின்றது.

பாம்புக்கடி செய்தியாகிவிடும். நிமோனியா ஆவதில்லை. அது மூன்று நான்கு நாள் எடுத்துக்கொண்டு வரும். முதல் நாள் வெறும் சளி. “நெஞ்சுல சளி கட்டியிருக்கு” என்று தைலம் தேய்ப்பார்கள். இரண்டாம் நாள் வசம்பையும் சுக்கையும் உரசி உரைமருந்து. மூன்றாம் நாள் “மூச்சு வாங்குது”. கயிறு மந்திரிக்கப் போவார்கள். பால் குடிப்பது நின்றபிறகுதான் கீழே இறக்கும் பேச்சே வரும். இதில் எந்த இடத்தில், யார், எதை வைத்து “இப்போதே கிளம்பு” என்று சொல்வது? மலையில் எக்ஸ்-ரே எடுக்க வழியில்லை. ஸ்டெதாஸ்கோப் வைத்து நெஞ்சுச் சத்தத்தைப் பிரித்தறிய எம்.பி.பி.எஸ். முடித்தவர்களே தடுமாறுவார்கள்.

விடை வெகு எளியது. சட்டையைத் தூக்கிவிட்டு மூச்சை எண்ண வேண்டும்.

அழாத, பால் குடிக்காத நேரமாகப் பார்த்து, குழந்தையைத் தாயின் மடியில் கிடத்தி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகிவிடும், சிசுவின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40 என்றால் நிமோனியா என்று எடுத்துக்கொண்டு மருந்து தொடங்கலாம். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் காத்திருக்காமல் அனுப்ப வேண்டும். கிராம சுகாதார செவிலியருக்கும் ஆஷா பணியாளருக்கும் சொல்லிக் கொடுக்கப்படும் பாடம் இது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி, எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளுக்காக மணிச்சட்டம் ஒன்றைச் செய்தார்கள்: பக்கத்தில் ஒரு நிமிட மணல் கடிகாரம், பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும், மணல் தீருமுன் மணி தீர்ந்தால் ஆபத்து. வீட்டுக்கே போய்ச் சிசுவைப் பார்க்கும் அவர்களுடைய முறையால் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999-ல் லான்செட் இதழ் வெளியிட்டது.

கோரோகாவிலிருந்து வந்த கணக்கு

மூச்சை எண்ணும் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள பப்புவா நியூ கினி என்ற தீவு நாட்டில், சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் கோரோகா என்று ஒரு மலையூர். நூற்றுக்கணக்கான மொழிகள் பேசும் நாடு அது. பல பள்ளத்தாக்குகளுக்கு நடுவில் சாலை கிடையாது, பல இடங்களுக்குச் சிறு விமானத்தில்தான் போக முடியும். அந்த ஊர் மருத்துவமனையில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஃபிராங்க் ஷான், நிமோனியாவோடு வந்த குழந்தைகளை உட்கார்ந்து எண்ணினார். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் சத்தத்தைவிட, மூச்சின் வேகமும் நெஞ்சுக்குழியும்தான் நம்பத்தக்க அடையாளம் என்று கண்டு 1984-ல் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஷான் பார்த்த குழந்தைகளின் பிரச்சினையும் ஜவ்வாது மலையின் பிரச்சினையும் ஒன்றேதான் என்பதால், அவர் வழி நமக்கும் பொருந்திவிட்டது.

மெத்தப் படித்த ஒரு டாக்டர், தான் இல்லாமலேயே வேலை நடப்பதற்கு வழி செய்துவிட்டுப் போனார். குழந்தை மருத்துவத்தில் பெரிய வேலை என்று நான் நினைப்பது இதைத்தான். நகரத்தில் சிறப்பு மருத்துவரின் மதிப்பு, அவரால் மட்டுமே முடியும் என்பதில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு ஒரே டாக்டர் என்ற தீவில் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது.

அதே நாட்டில் ஜான் பிடல்ஃப் என்று இன்னொரு குழந்தை மருத்துவர், பேராசிரியர். புட்டிப்பால் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கில் எலும்பும் தோலுமாக வருவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர். அவரைப் போன்றவர்கள் விடாமல் வலியுறுத்தியதால் 1977-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது: சுகாதாரப் பணியாளரின் சீட்டு இல்லாமல் பால் புட்டியும் ரப்பர் காம்பும் கடையில் விற்கக் கூடாது. மருந்துக்குச் சீட்டு கேட்கும் நாடுகள் உண்டு, புட்டிக்குச் சீட்டு கேட்டது அந்த ஏழைத் தீவு. இந்தியாவில் புட்டிப்பால் விளம்பரத்துக்குத் தடை போட்ட சட்டம் 1992-ல்தான் வந்தது.

நம் ஊரில் புட்டிக்கு முன்னாலேயே வேறு சங்கதிகள் வரிசையில் நிற்கும். பிறந்த குழந்தையின் வாயில் முதலில் சேனை தொட்டு வைக்க வேண்டும், யார் வைக்கிறார்களோ அவர் குணம் வரும் என்பார்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன், சில இடங்களில் கழுதைப்பால். வட மாவட்டங்களில் கழுதையை ஓட்டிக்கொண்டு தெருவில் கூவி விற்பவர்களை இப்போதும் பார்க்கலாம். சங்கு அளவு பால், அங்கேயே கறந்து, பச்சையாக. சீம்பாலை “கெட்டுப்போன பால்” என்று பீய்ச்சி விடுவார்கள். இதையெல்லாம் கேட்டு வெள்ளைக் கோட்டு போட்டவர் முகம் சுளித்தால் தாய் அடுத்த முறை சொல்ல மாட்டார், அவ்வளவுதான். மாமியாரையும் உட்கார வைத்து, “சேனை வைக்கணும்னா தாய்ப்பாலையே தொட்டு வைங்கம்மா” என்று சிரித்துக்கொண்டே சொல்லத் தெரிந்த நர்ஸ், ஒரு பாடப்புத்தகம் செய்யாததைச் செய்துவிடுவார். சம்பிரதாயமும் கெடவில்லை, குழந்தைக்குச் சீம்பாலும் போய்விட்டது.

மூன்று தீவுகள், மூன்று பாடம்

மருத்துவமனைக்கு வந்த நிமோனியாக் குழந்தை எதனால் இறக்கிறது? பெரும்பாலும் மருந்து வேலை செய்ய எடுக்கும் ஒன்றிரண்டு நாளுக்குள் ஆக்ஸிஜன் போதாமல். பப்புவா நியூ கினியில் சிலிண்டர் மலைக்கு ஏறுமுன் காலியாகிவிடும், காசும் கட்டாது. ட்ரெவர் டியூக் என்ற குழந்தை மருத்துவரும் அங்குள்ள சக மருத்துவர்களும் ஐந்து மருத்துவமனைகளில், காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கான்சென்ட்ரேட்டரையும், விரலில் மாட்டி அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கு ஐந்தை ஒட்டி இருந்த நிமோனியா இறப்பு மூன்றேகால் ஆனது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. 2008-ல் இதை எழுதினார்கள். ஆக்ஸிமீட்டர் என்ற பெயரை நாம் கொரோனாவில்தான் கற்றோம்.

இரண்டாவது தீவு, நமக்கு அருகில் உள்ளது. இலங்கையில் 1940-களின் நடுவில், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 140 பேர் வரை ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தார்கள். இன்று அது ஒற்றை இலக்கம். பணக்கார நாடாகிவிட்டதால் நடந்ததல்ல. உள்நாட்டுப் போர் நடந்த பல்லாண்டுகளிலும் அந்த எண்ணிக்கை இறங்கிக்கொண்டேதான் வந்தது. 1926-ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கியதிலிருந்து, மருத்துவமாது என்று அவர்கள் அழைக்கும் பெண் ஊழியரை, சுமார் மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் வீட்டு வாசல்வரை அனுப்பினார்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்வது, பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, குழந்தையின் எடையை அட்டையில் கோடு போட்டுக் காட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகில் போக வேண்டிய நெடுந்தீவுக்கும் இதே ஏற்பாடு. தமிழ்நாடும் கிராம சுகாதார செவிலியரை வைத்துத்தான் ஏறிவந்தது: 1971-ல் ஆயிரத்துக்கு 113 ஆக இருந்த நம் சிசு மரணம் 2020-ல் 13. அப்போது இந்திய சராசரி 28. மாநில சராசரி என்பது மாம்பலத்தையும் நம்மியம்பட்டையும் கூட்டி வகுத்தது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மூன்றாவது சமோவா. இரண்டு லட்சம் பேர் வாழும் பசிபிக் தீவு நாடு. 2018 ஜூலையில் அங்கே தட்டம்மைத் தடுப்பூசி போட்ட இரண்டு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. தடுப்பூசியில் குறையில்லை, அதைக் கரைக்க வேண்டிய தண்ணீருக்குப் பதிலாக, காலாவதியான தசைத் தளர்ப்பு மருந்தைக் கலந்துவிட்டார்கள் செவிலியர்கள். ஊசித் திட்டம் மாதக்கணக்கில் நின்றது. மக்கள் பயந்தார்கள், பயத்தை ஊதிவிடவும் ஆட்கள் இருந்தார்கள். முதல் தவணை போட்ட குழந்தைகள் நூற்றுக்கு 31 என்ற அளவுக்கு விழுந்தது. மறு ஆண்டு இறுதியில் தட்டம்மை வந்தது: 5,700 பேருக்கு மேல் பாதிப்பு, 83 மரணங்கள், அதில் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே மூடி, ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள்.

எங்கோ நடந்தது என்று தள்ளிவிட முடியாது. 2008 ஏப்ரலில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழ்நாடு அரசு, ஊருக்குள் போய் ஊசி போடுவதை நிறுத்திவிட்டு, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்று மாற்றியது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் மலையில் அதற்கு என்ன அர்த்தம்? செவிலியர் நடந்து வந்த வழியைத் தாய் நடக்க வேண்டும், கைக்குழந்தையோடு, அன்றைய கூலியை விட்டுவிட்டு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி எல்லாத் தடுப்பூசியும் போட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகள் 2005-06-ல் 81 சதவீதம், 2015-16-ல் 70. ஊர்களுக்குள் முகாம்கள் திரும்பிய பிறகு, 2019-21-ல் 89. சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், தூரத்தைக் கூட்டியதற்கு விலை இல்லாமல் போயிருக்காது.

ஒரு தபால் அட்டை

தூரத்தைக் குறைக்கும் யோசனை நம் மண்ணிலும் பிறந்திருக்கிறது. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989 செப்டம்பர் 30-ல்; அதுவரை வட ஆற்காடு. அந்த வட ஆற்காட்டில், வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், குழந்தை மருத்துவராக இருந்து வைரஸ் ஆய்வுக்குப் போனவர், 1980-களில் ஒரு காரியம் செய்தார். போலியோ, தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, தட்டம்மை போன்ற நோய்களைப் பார்க்கும் டாக்டர்கள் உடனே எழுதிப் போட அச்சடித்த தபால் அட்டைகளை மாவட்டம் முழுக்கக் கொடுத்து வைத்தார். அட்டை வந்தால் யாராவது போய்ப் பார்ப்பார்கள். எந்த ஊரில் எந்த நோய் கிளம்புகிறது என்று மாதாமாதம் எல்லா டாக்டருக்கும் திருப்பி எழுதுவார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, போன்கூட அரிது. மாவட்ட அளவில் நோய்க் கண்காணிப்பு இப்படி நடத்தலாம் என்று 1998-ல் லான்செட் அதை வளரும் நாடுகளுக்கு முன்மாதிரியாக வெளியிட்டது. ஒரு நாளில் எல்லாக் குழந்தைக்கும் சேர்த்துச் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை நாடு அறியுமுன்பே வேலூரில் நடத்திப் பார்த்தவரும் இவரே. போலியோ ஒழிந்த கதையில் இந்த மனிதரைப் பற்றி நம் பாடப்புத்தகம் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

இன்னொன்று, திருவண்ணாமலையிலிருந்து தானிப்பாடி வழியாகத் தென்மேற்கே போனால், மாவட்ட எல்லைக்கு அப்பால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையிலுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே வந்தபோது ஆயிரத்துக்கு 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அறுவை சிகிச்சை என்றால் சேலத்துக்கோ தருமபுரிக்கோ ஓட வேண்டும். ஊர்மக்கள் கட்டிக் கொடுத்த மண்குடிசையில் தொடங்கினார்கள். ரெஜி மயக்க மருந்து நிபுணர், லலிதா மகப்பேறு மருத்துவர். இருவருமே குழந்தை மருத்துவர் இல்லை. பள்ளத்தாக்கின் பெண்பிள்ளைகளையே நர்ஸ் வேலைக்குப் பழக்கினார்கள். ஊருக்கு ஒரு மூத்த பெண்மணியைத் தேர்ந்து, கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தையின் எடை போடுவது, சுத்தமாகத் தொப்புள்கொடி அறுப்பது, எந்த அறிகுறி வந்தால் அனுப்புவது என்று கற்றுக் கொடுத்தார்கள். அந்தப் பெண்மணி சொன்னால் ஊர் கேட்டது. டாக்டர் சொல்லிக் கேட்டிருக்காது. சிசு மரணம் 20-ஐ ஒட்டி இறங்கியது. குடிசை பின்னாளில் முழு ஆஸ்பத்திரி ஆனது. குழந்தைகள் எடை ஏறாததற்குக் காரணம் சாப்பாடு, சாப்பாட்டுக்குக் காரணம் விவசாயம் என்று கண்டு, சிறுதானியமும் இயற்கை வேளாண்மையும் பேச ஆரம்பித்ததும் இதே டாக்டர்கள்தான்.

ஜவ்வாது மலையிலும் சாமைக் கஞ்சி குடித்த வீடுகளுக்கு ரேஷன் அரிசி வந்து ஒரு தலைமுறை ஆகிறது. அரசு வெறுமனே இல்லை. பிரசவ தேதிக்கு முன்பே வந்து தங்கிக்கொள்ள மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் உண்டு, சத்துமாவு வருகிறது, முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய் வரை தரப்படுகிறது, நடமாடும் மருத்துவக் குழு போகிறது. காத்திருப்பு அறைக்கு ஏன் எல்லாரும் வருவதில்லை என்று கேட்டால், பதில் மருத்துவத்தில் இல்லை. வீட்டில் இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள், ஆடுகள். புருஷன் கேரளாவுக்கோ கர்நாடகக் காப்பித் தோட்டத்துக்கோ போயிருப்பார். கூலிக்காக ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போனவர்களில் 20 பேர் 2015 ஏப்ரலில் சேஷாசலத்தில் போலீஸ் சுட்டு இறந்தார்களே, அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மலைகளின் ஆட்கள். அவர்களில் சிலருக்கும் வீட்டில் குழந்தைகள் இருந்தன.

குடும்பமே தோட்ட வேலைக்குப் போய்விட்டால், குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் போட வேண்டிய ஊசி தவறும். செவிலியர் பதிவேட்டில் “வெளியூர்” என்று எழுதுவார். தோட்டத்துப் பக்கத்துச் செவிலியர் பதிவேட்டில் அந்தக் குழந்தை ஏறவே ஏறாது. மாநில எல்லை தாண்டிப் போகும் குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை ஒன்றுதான் சாட்சி, அதுவும் மழையில் நனைந்து மை கலைந்திருக்கும்.

டாக்டர்கள்? கடினமான பகுதியில் வேலை பார்க்கும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் சேரக் கூடுதல் மதிப்பெண் உண்டு. அதற்காகவே இளைஞர்கள் மலைக்கு வருகிறார்கள், வரட்டும். ஆள் வருவதே பெரிது. மலையின் குழந்தைகளை முகம் பார்த்து அடையாளம் காணும் நேரத்தில் அவர்களுக்குப் படிப்புக்கு இடம் கிடைத்துவிடும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எம்.டி. முடித்த குழந்தை மருத்துவர் மலையிலேயே குடியிருப்பார் என்று எதிர்பார்ப்பதைவிட, திருவண்ணாமலையிலிருக்கும் குழந்தை மருத்துவர் குறித்த கிழமையில் மலைக்குப் போய், செவிலியர் எண்ணிய மூச்சைத் தானும் எண்ணிப் பார்த்து, எடைக்கோட்டைப் பார்த்து, இரவில் போன் வந்தால் எடுப்பார் என்பது நடக்கக்கூடிய ஏற்பாடு. பப்புவா நியூ கினியில் மருத்துவர் மாகாணத்தைச் சுற்றி வருவதுதான் வழக்கம். அத்தனை செய்தும் பசிபிக் வட்டாரத்தில் குழந்தை இறப்பு அதிகமுள்ள நாடுகளில் ஒன்றாகவே அது இன்னும் இருக்கிறது.

டியூக்கின் குழுவினர் அந்த ஐந்து மருத்துவமனைகளிலும் கருவியை இறக்கிவிட்டுத் திரும்பவில்லை. நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பழுது பார்க்க ஆட்களைப் பழக்கினார்கள், கரண்ட் இல்லாத இடத்துக்குச் சூரிய மின்சாரம் கொண்டுபோகும் வேலை பிறகு தொடர்ந்தது. நம் ஊரில் 2021 கொரோனா அலையில் நன்கொடையாக வந்த கான்சென்ட்ரேட்டர்கள் மாநிலம் முழுக்க ஆரம்ப சுகாதார நிலையங்கள்வரை போய்ச் சேர்ந்தன. அதன் காற்று வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும், உள்ளே இருக்கும் வேதித்தூள் சில ஆண்டுகளில் செயலிழக்கும், ஈரமான மலைக்காற்று அதை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். வெளியில் இயந்திரம் ஓடுவதாகவே சத்தம் வரும். குழாயில் வருவது வெறும் காற்றாக இருக்கும். ஜவ்வாது மலைக்கு அதைப் பழுது பார்ப்பவர் யார், எந்த மாதம் கடைசியாக வந்தார், அடுத்து எப்போது வருவார் என்பதை, 108 என்ற எண்ணைப் போலவே, அந்த அறைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.